இரண்டே நாள் லீவு: மதுரையா, தஞ்சாவூரா?

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன், அவசரமாக டிக்கெட் போட வேண்டியவர்களுக்கு உதவும். கையில் இரண்டு பகல், நடுவில் ஒரு ராத்திரி, அவ்வளவுதான் என்றால் தஞ்சாவூர் போங்கள். மூன்று பகல் கிடைத்தால் மதுரை. சாப்பாட்டுக்காகவே கிளம்புகிறீர்கள் என்றால் எத்தனை நாள் லீவு என்றாலும் மதுரைதான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். நான், மனைவி, 68 வயது அம்மா, ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகள். போன வருஷம் ஜனவரிக் கடைசியில் மதுரைக்கும் ஆகஸ்டில் தஞ்சாவூருக்கும் போய்வந்தோம். இரண்டு தடவையும் ஒரே கணக்கு: வெள்ளி இரவு ரயில், சனி காலை ஊர், ஞாயிறு கிளம்பி வீடு, திங்கட்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியும், ஆனால் நெடுநேரம் நிற்க முடியாது. இதைச் சொல்லக் காரணம், நான் சொல்லும் தீர்ப்பில் பாதி அந்த முழங்காலைப் பொறுத்தது. நாலு பேர் காலேஜ் நண்பர்களாகப் போகிறவர்களுக்கு இதே இரண்டு ஊரும் வேறு மாதிரித் தெரியலாம்.

மதுரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழும்பூரில் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே மதுரையில் இறக்கிவிடும். அங்கேயே முதல் சிக்கல். ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கத் தெருவில் ஒரு லாட்ஜில் ஆன்லைனில் ரூம் போட்டிருந்தேன். போய் நின்றால், செக்-இன் மதியம் 12 மணிக்குத்தான், இப்போதே ரூம் வேண்டுமென்றால் அரை நாள் வாடகை தனியாகக் கொடுங்கள் என்றார்கள். பதிவு செய்தபோது இதை யாரும் சொல்லவில்லை. அம்மா வரவேற்பறை நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கடைசியில் பணத்தைக் கட்டித்தான் ரூமுக்குப் போனோம். ரூமில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது, திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கோயில் ஊர்களில் 24 மணி நேரக் கணக்கில் ரூம் தருகிற லாட்ஜ்கள் நிறைய உண்டு, காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு வரை நம்முடையது. இரவு ரயிலில் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டு, 24 மணி நேரக் கணக்கா, 12 மணிக் கணக்கா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் பயணத்தில் முதல் மூன்று மணி நேரம் போனால் அது பெரிய நஷ்டம்.

சரி, கோயிலுக்கு வருவோம். மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? பதினான்கு கோபுரம், அதில் தெற்குக் கோபுரம்தான் உயரம், 170 அடிக்குப் பக்கம் வரும், 1559இல் கட்டியது. மதுரையில் முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமியைக் கும்பிட வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். அந்த வழக்கமே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஊர் முழுக்க அவள் ஆட்சி என்பது கடைப் பெயரிலும் ஆட்டோ முதுகிலும் தெரியும். ஆனால் சனிக்கிழமை காலை பொது வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. போனை வெளியே கவுன்டரில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதற்கு ஒரு வரிசை, செருப்புக்கு ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை, அப்புறம்தான் தரிசன வரிசை. அம்மா ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். மதியம் 12.30க்கு நடை சாத்திவிடுவார்கள், அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அம்மன் சன்னதியில் நின்றோம். கிடைத்தது சில விநாடிதான். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, "இதுக்குத்தாண்டா வந்தேன்" என்றார். எனக்கு அந்த இரண்டரை மணி நேரத்தில் குறையில்லை. ஆனால் மொத்தமே இரண்டு பகல் இருக்கிற பயணத்தில் ஒரு முழுக் காலை அங்கே போய்விட்டது என்பதும் உண்மை. வயதானவர்களோடு போகிறவர்கள் கட்டண வரிசை டிக்கெட்டை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். நான் யோசித்தேன், அது தப்பு.

மதுரைக் கோயில் நிஜமாகவே மனசுக்குள் இறங்கியது சாயங்காலம்தான். தரிசனம் வேண்டாம், சும்மா உள்ளே போய் உட்காரலாம் என்று திரும்பப் போனோம். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் எதிரே தெற்குக் கோபுரம். சுற்று மண்டபத்தில் யாரோ ஒரு பாட்டி தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு போகிறார், கல்யாணமான புது ஜோடி ஒன்று மாலையோடு வந்து நிற்கிறது, குழந்தைகள் ஓடுகின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறைக்கு சுவாமி பல்லக்கில் வருவார், மேளத்தோடும் சாம்பிராணிப் புகையோடும் மீனாட்சி சன்னதிக்குள் போவதைப் பார்த்தோம். ஒவ்வொரு இரவும் நடக்கிற விஷயம்தான், இருந்தாலும் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்த மாதிரி ஆட்கள் கூடி நிற்கிறார்கள். மதுரையில் ஒரே ஒரு ராத்திரி தங்கினாலும் இதை விடாதீர்கள்.

அப்புறம் தெருக்கள். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக, தமிழ் மாதப் பெயரோடு இருக்கிற ஊர். மகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது, எந்த வீதியில் நிற்கிறோம் என்று போர்டு பார்க்காமல் சொல்ல முயன்றுகொண்டே வந்தாள். அந்த வீதிகளில் சனி இரவு பத்தரை மணிக்கு நடந்தோம், பூக்கடை திறந்திருந்தது, இட்லிக் கடையில் கூட்டம், பாத்திரக் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். தூங்கா நகரம் என்ற பட்டத்தை மதுரை இன்னமும் தக்கவைத்திருக்கிறது.

சாப்பாடு. மதுரை சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் நாங்கள் சாப்பிட்டதை மட்டும் சொல்கிறேன். ஸ்டேஷன் பக்கம் பிரேமவிலாஸில் வாங்கிய சூடான அல்வா, இலையில் வைத்துத் தருவார்கள், நெய் விரலில் வழியும். சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை: அடியில் தடிமனான தோசை, மேலே கொத்துக்கறி, ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். விளக்குத்தூண் ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். சென்னையில் இதே பெயரில் விற்பதைக் குடித்துவிட்டு இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தவன் நான், அங்கே குடித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஞாயிறு காலை பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் வாசமாகத் தூக்கலாக இருந்தது, அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் நான் மட்டும் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன், கொத்துகிற சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு சனி மதியம் போனோம். 1636இல் கட்டியது, இப்போது நிற்பது பழைய அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அந்த நான்கில் ஒரு பங்கே இப்படி என்றால்! தூண்களைக் கட்டிப்பிடிக்க எங்கள் குடும்பம் மொத்தமும் கை கோத்தது. ஆனால் அந்தத் தூண்களில் கையெட்டும் உயரம் வரை பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. தயவுசெய்து குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அதைக் காட்டி, இது தப்பு என்று அங்கேயே சொல்லிக்கொடுங்கள்.

ஞாயிறு காலை காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைக் கட்டடத்தில் இருக்கிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்த அறைக்குள் போனதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 1921 செப்டம்பரில் காந்தி சட்டையையும் தலைப்பாகையையும் விட்டு அரையாடைக்கு மாறியது இதே மதுரையில் என்பதை அவளுக்குச் சொன்னேன். அதுவும் அந்த மாசி வீதியில்தான் நடந்தது, முந்தின நாள் இரவு நாங்கள் நடந்த மேல மாசி வீதி.

இதோடு ஞாயிறு மதியம் வந்துவிட்டது. கீழடி பார்க்கவில்லை. மகள் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு அதைத்தான் முதலில் கேட்டிருந்தாள், ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். திருப்பரங்குன்றம் போகவில்லை, அழகர்கோயில் போகவில்லை, கீழக்குயில்குடி சமணர் மலை போகவில்லை, ஆனைமலையை பஸ் ஜன்னலில்கூடப் பார்க்கவில்லை. தேஜஸ் ரயிலில் திரும்பும்போது மகள் முகம் வாடித்தான் இருந்தது. மதுரை இரண்டு நாளில் அடங்குகிற ஊர் இல்லை. கோயில், சாப்பாடு, ஒரு மகால், அதோடு நேரம் தீர்ந்துவிடும். சுற்றியிருக்கும் குன்றுகளும் கீழடியும்தான் அந்த ஊர் எவ்வளவு பழையது என்பதைக் காட்டும், அவற்றைப் பார்க்காமல் திரும்பினால் மதுரைக்குப் போனோம் என்று சொல்லவே மனசு வரவில்லை.

இப்போது தஞ்சாவூர். உழவன் எக்ஸ்பிரஸ், இதுவும் இரவில் ஏறி விடியலில் இறங்குவது. இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டு 24 மணி நேரக் கணக்கில் ரூம் போட்டிருந்தேன், ஆறு மணிக்குக் குளித்துவிட்டு ஏழு மணிக்குப் பெரிய கோயில் வாசலில் நின்றோம். வரிசையே இல்லை! பிரதோஷம், ராஜராஜன் பிறந்தநாளான சதய விழா நாட்களில் எப்படியோ, சாதாரண சனிக்கிழமை காலையில் நேராக உள்ளே நடந்து போய் கருவறை முன்னால் நிற்கலாம். அந்த லிங்கத்தின் உயரத்தைப் பார்த்து அம்மா, "இவ்ளோ பெருசா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்து நிமிஷம் நின்றோம், யாரும் நகருங்கள் என்று சொல்லவில்லை. போனும் கையிலேயே இருந்தது, சன்னதிக்கு உள்ளேதான் படம் எடுக்கக் கூடாது.

இரண்டு கோயிலையும் ஒரே வருஷத்தில் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். மதுரையில் வாசல் கோபுரங்கள் வானத்தைத் தொடும், கருவறை மேல் இருக்கும் தங்க விமானம் சின்னது. தஞ்சாவூரில் அப்படியே தலைகீழ்: கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல் இரண்டும் அகலமாக அடக்கமாக நிற்கின்றன, 216 அடி எழுவது கருவறைக்கு நேர் மேலே. மதுரைக் கோபுரம் முழுக்க வண்ணச் சுதை உருவங்கள், தஞ்சாவூரில் வெறும் கல். அருகில் கருங்கல் மலையே இல்லாத ஒரு வயல்காட்டு ஊரில் அவ்வளவு கல்லைக் கொண்டுவந்து 1010இல் முடித்திருக்கிறார்கள். எனக்கு மதுரைக் கோபுரங்களும் பிடிக்கும், ஆனால் அந்த வெறும் கல்லின் முன்னால் பேச்சு நின்றுவிடுகிறது.

மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, நிழல் விழாதாமே?" விழும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பப் போனபோது விமானத்தின் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தது, அவளையே அதன் ஓரத்தில் நடக்கச் சொன்னேன். ராஜராஜன் கட்டியதற்கு இந்தக் கதையெல்லாம் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அதற்குப் பதில் சுவரைக் காட்டுங்கள். விமானத்தின் அடிப்பகுதி முழுக்க எழுத்து. நாம் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ராஜாவே சொன்னதாக அங்கே இருக்கிறது, அக்கன் என்றால் அவருடைய அக்கா குந்தவை. சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின் பெயர், அவர்களுக்குக் கொடுத்த வீடு எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்பதுவரை கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடிய ஒரு பெண் எந்த வீட்டில் குடியிருந்தாள் என்பது நமக்குத் தெரிகிறது! மகள் அந்தச் சுவரில் ஒரு ட, ஒரு ப கண்டுபிடித்தாள், அப்புறம் அரை மணி நேரம் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் இருக்கும் சோழர் கால ஓவியங்கள், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்டவை, பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. மேல் தளத்தில் கரணங்கள் என்ற நடன நிலைகளைக் காட்டும் 81 சிற்பங்களும் அப்படியே. அதைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். வெளியே சுப்பிரமணியர் சன்னதியின் நுணுக்க வேலையைத் தவறவிடாதீர்கள், அது நாயக்கர் காலம், நந்தி மண்டபமும் அப்படியே. பெரிய கோயில் என்றாலே எல்லாம் ராஜராஜன் என்று நினைத்துவிடுகிறோம்.

வெயில் விஷயத்தில் கவனம். ஒன்பதரை மணிக்கு மேல் அந்த முற்றத்துக் கல் காலைச் சுடும், செருப்பு வெளியே இருக்கும், அம்மாவுக்கு நான் ஒரு ஜோடி காலுறை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். காலை ஒன்பதுக்குள் ஒரு முறை, மாலை ஐந்துக்கு மேல் ஒரு முறை, இப்படி இரண்டாகப் பிரித்துப் போனால்தான் சுகம். மாலையில் வெயில் சாயும்போது அந்தக் கல் தேன் நிறமாகும். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து புல்தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், நாங்களும் உட்கார்ந்தோம், அம்மா காலை நீட்டிக்கொண்டு இருட்டும்வரை அசையவில்லை. மதுரையில் அவருக்குக் கிடைத்தது சில விநாடி தரிசனம், இங்கே இரண்டு மணி நேரம். எது பெரிது என்று அவரைக் கேட்டேன், மீனாட்சி மீனாட்சிதான் என்றார். ஆனால் அடுத்த வருஷம் திரும்ப எங்கே போகலாம் என்றால் தஞ்சாவூர் என்றார்.

இப்படிக் குறுகிய பயணத்தைத் தீர்மானிக்கிற விஷயம் ஒன்று உண்டு, மதியம். இரண்டு ஊரிலும் 12.30இலிருந்து நான்கு மணிவரை நடை சாத்தியிருக்கும். இரண்டு நாள் என்றால் அப்படி இரண்டு மதியம். அந்த ஏழு மணி நேரத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வைத்தே ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். மதுரையில் மகால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மிச்சத்துக்கு வெயிலில் ஆட்டோ பிடித்து நெரிசலில் நகர வேண்டும். தஞ்சாவூரில் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே அரண்மனை, அதற்குள்ளேயே கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரஸ்வதி மகால் நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். நிழலிலேயே மூன்று மணி நேரம் போய்விடும்.

அந்தக் கலைக்கூடத்துக்காகவே இன்னொரு தடவை போவேன். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது, 1011இல் வார்த்தது, பெரிய கோயில் முடிந்த அடுத்த வருஷம். தலையில் சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றியிருக்கிறார், ஒரு கால் லேசாக மடங்கியிருக்கிறது, ஒரு கையை எதன் மேலோ சாய்த்து வைத்திருக்கிறார். எதன் மேல் என்றால், காளையின் மேல். காளை இல்லை, தொலைந்துவிட்டது. "மாடு எங்கப்பா?" என்று மகள் கேட்டாள், அந்த வளைந்த கைக்குக் கீழே காளை நிற்கிற இடத்தை அவளே காற்றில் வரைந்து காட்டினாள். பக்கத்தில் தேவி. எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த சிலையும் என்னை இப்படி நிற்கவைத்ததில்லை. குறை என்னவென்றால் விளக்க அட்டைகள் போதாது, வெளிச்சமும் சில மூலைகளில் மங்கல். ஒரு நல்ல வழிகாட்டி இருந்தால் குழந்தைகள் அங்கேயே குடியிருக்கும்.

சரஸ்வதி மகாலில் பொதுமக்கள் பார்ப்பது ஒரு சின்ன அருங்காட்சியகப் பகுதிதான், ஓலைச்சுவடிகள், பழைய படங்கள், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்த புத்தகங்கள். படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும், என் மனைவி நெடுநேரம் அங்கேதான் இருந்தாள். சரபோஜியை வளர்த்த பாதிரியார் சுவார்ட்ஸ் பெயரில் சிவகங்கைப் பூங்கா பக்கம் 1779இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள், சுவார்ட்ஸ் படுக்கையில் இருக்க சரபோஜி பக்கத்தில் நிற்கும் பளிங்குச் சிற்பம் ஒன்று உண்டு.

ஞாயிறு காலை திருவையாறு. பதின்மூன்று கிலோமீட்டர், ஆனால் வழியில் ஐந்து ஆறு கடக்க வேண்டும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐயாறு என்ற பெயரே அதனால்தான் என்று ஆட்டோக்காரர் ஒவ்வொரு பாலத்திலும் வண்டியை மெதுவாக்கிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆகஸ்டில் போனதால் எல்லா ஆற்றிலும் தண்ணீர். மேட்டூரை ஜூனில் திறந்து ஜனவரிக் கடைசியில் மூடுவது வழக்கம், மார்ச், ஏப்ரலில் போனால் மணல்தான் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்குள் போகச் சொல்கிறேன். காவிரிப் படித்துறையில் கால் நனைத்தோம், தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். ஆராதனை நடக்கும் ஜனவரி நாட்களில் இங்கே இடம் இருக்காது, நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரே ஒரு பெரியவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். ஐயாறப்பர் கோயில் பார்த்துவிட்டு ஆண்டவர் கடையில் அசோகா. பாசிப்பருப்பில் செய்கிற அல்வா, வாயில் வைத்தால் கரையும். மதுரை அல்வாவோடு ஒப்பிட்டு வீட்டில் இன்னமும் சண்டை நடக்கிறது, என் ஓட்டு அசோகாவுக்கு.

அதற்காக தஞ்சாவூர் சாப்பாட்டைத் தூக்கிப் பேச மாட்டேன். காபி நன்றாக இருக்கிறது, காலை டிபன் நன்றாக இருக்கிறது, சந்திரகலா என்ற பால்கோவா பூரணம் வைத்த இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நல்ல கடை தேடி அலைந்தோம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் மதியம் சாப்பிட்ட சாப்பாடு ஆறிப்போய் இருந்தது, கேட்டதற்கு எரிந்து விழுந்தார்கள். நண்பர்களோடு இரவு முழுக்கச் சுற்ற நினைக்கிறவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. எட்டரை மணிக்குக் கோயில் மூடியதும் ஊரும் கூடவே அடங்கிவிடுகிறது.

வாங்குவதற்கு என்று பார்த்தால் தஞ்சாவூர்தான். தலையாட்டி பொம்மை மகள் கையில் ஒன்று, எப்படித் தள்ளினாலும் நிமிர்கிறதே என்று ரயிலில் சக பயணிகளுக்கெல்லாம் காட்டினாள். கீழே உருண்டையாகக் கனம் இருப்பதுதான் சூட்சுமம். ஓவியம் வாங்க ஆசைப்படுகிறவர்கள் அவசரப்படாதீர்கள், ஒரிஜினல் தங்க ரேக்கா, வெறும் ஜிகினாவா என்று இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மதுரையில் வாங்க வேண்டியது மல்லிகை. அது மறுநாள் வாடிவிடும், ஆனாலும் ரயில் பெட்டி முழுக்க மணந்தது.

டிக்கெட் விஷயத்தில் மதுரைக்குத்தான் வசதி. தேஜஸ், வைகை, வந்தே பாரத், இரவு ரயில்கள் என்று நிறைய. தஞ்சாவூருக்கு அவ்வளவு இல்லை, சனி-ஞாயிறுக்கு உழவனில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், 60 நாள் முன்னால் பதிவு திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் திருச்சிவரை போய் அங்கிருந்து பஸ், ஒன்றரை மணி நேரம்.

இரண்டு ஊரையும் ஒரே சனி-ஞாயிறில் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். நடுவில் 190 கிலோமீட்டர், கிளம்பிச் சேர அரை நாள் போய்விடும். மதுரையில் வரிசையில் நின்ற அலுப்போடு தஞ்சாவூர்ச் சுவர் எழுத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மிச்ச நேரம் இருந்தால் தஞ்சாவூரிலிருந்து தாராசுரம் போங்கள், கும்பகோணத்துக்குப் பக்கம், 35 கிலோமீட்டர்தான். திருவையாற்றுக்குப் பதில் அதைப் பார்க்கலாமா என்று நாங்களும் யோசித்தோம், அம்மாவின் காலை நினைத்து விட்டுவிட்டோம்.

மதுரைக்கு வருகிற பிப்ரவரியில் மூன்று நாள் டிக்கெட் போட்டிருக்கிறேன். முதல் நாள் காலை நேராகக் கீழடி, அது மகளுக்குக் கொடுத்த வாக்கு. கோயிலுக்கு ஞாயிறு வேண்டாம், திங்கட்கிழமைக் காலை நடை திறக்கும்போதே போவதாக முடிவு. லாட்ஜுக்கு நேற்றே போன் போட்டுக் கேட்டுவிட்டேன், 24 மணி நேரக் கணக்குதானாம்.